புகையில்லாத நெருப்பு

போன மார்கழி மழையில், எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் என் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் ஒரு பச்சைப் பிள்ளையும் அதன் தாயும் சாகக் கிடந்தார்கள். அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனது ஒரு நெருப்பு. அந்த நெருப்பில் நூல் அளவுகூடப் புகை கிடையாது. லயத்தில் இதைப் பலவிதமாகச் சொல்கிறார்கள். கண்ணூறு என்கிறார்கள், காத்துக் கருப்பு என்கிறார்கள். கெம்பஸிலிருந்து நான்தான் எதையோ கொண்டுவந்து வைத்தேன் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

கெம்பஸ் என்கிற பல்கலைக்கழகம் இருப்பது ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் ஏறுகிற பாதையில். ஒரு காலத்தில் நான் கொழுந்து பறித்த மலை அது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு மாடிக் கட்டடங்கள் கட்டினார்கள். பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஹொஸ்டலின் குசினியில் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் பாத்திரம் கழுவினேன். இப்போது குசினியே என் கையில் இருக்கிறது. எத்தனை பேருக்குச் சமைத்தாலும் என் சோறு குழைந்ததில்லை, அடிப்பிடித்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெண் என்னிடம் வேலை செய்தவள். தேங்காய் துருவுவாள், வெங்காயம் உரிப்பாள். கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கலியாணம் கட்டி எங்கள் லயத்துக்கு வந்தவள். அவளுக்குத் தாய் கிடையாது. புருஷன் தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை ஏற்றுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து போவான். எனக்கும் பிள்ளை குட்டி இல்லை, என் புருஷன் போய் வெகுகாலம். அவள் என்னைப் பெரியம்மா என்பாள். நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட "இந்தா பிள்ள" என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

கலியாணம் முடித்துப் பல வருஷம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. மாதா மாதம் அவள் முகம் கறுத்துப்போவதை அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வெளியே ஓடினாள். வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்தபடி வந்து நின்றாள். குசினியில் எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் அழுதாள்.

அதே வருஷம்தான் கெம்பஸில் அளக்கத் தொடங்கினார்கள்.

அளக்க வந்தது யாழ்ப்பாணப் பக்கத்து மிஸ் ஒருத்தர். அங்கே படிப்பிக்கிறவர். இளவயது, மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். குசினிக்கு வந்து எங்களை உட்கார வைத்து விளங்கப்படுத்தினார். விறகு எரிந்தாலும் டீசல் எரிந்தாலும் ஒரு காற்று வெளிவருகிறது, அதற்கு நிறமுமில்லை மணமுமில்லை, அது மேலே போய் வானத்தைச் சூடாக்குகிறது, மழை தப்பிப் பெய்வதும் வெயில் தப்பிக் காய்வதும் அதனால்தான் என்றார். இந்தக் கெம்பஸ் எவ்வளவு காற்றை மேலே அனுப்புகிறது என்று முதலில் அளப்போம், பிறகு குறைப்போம் என்றார். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. எங்கள் மலையில் மழை தப்பிப் பெய்து மண் சரிவதை நான் யாரும் சொல்லியா தெரிந்துகொள்ள வேண்டும்?

பிள்ளைகள் தராசோடு வந்து விறகை நிறுத்தார்கள். ஜெனரேட்டர் எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று பார்த்தார்கள். சாப்பாட்டுக் கோப்பையில் மிஞ்சிய சோற்றையும் நிறுத்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக, வேலைக்கு எதில் வருகிறோம் என்று கேட்டார்கள்.

"அம்மா, நீங்க எதுல வாறீங்க?"

"காலுல."

"இல்ல, பஸ்ஸா, த்ரீவீலா?"

"எங்க ஆத்தா குடுத்த ரெண்டு காலு தம்பி. அதுக்கு டீசல் ஊத்துறதில்ல. அப்பிடியே எழுதிக்க."

அந்தப் பையன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்து பெரிய மண்டபத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சுவரில் படம் காட்டினார்கள். தூண் தூணாக இருந்தது. கரண்டுக்கு ஒரு தூண், பஸ்ஸுக்கு ஒரு தூண், எங்கள் குசினிக்கு ஒரு கறுப்புத் தூண். எங்கள் தூண் பெரியதில்லை. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் அது கறுப்பாக நின்றது. எனக்கு முகம் சுட்டது. அந்தத் தூணை அடிமட்டத்துக்கு இறக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

இறக்கினேன். சுவரோடு சேர்த்துப் புது அடுப்பு கட்டித் தந்தார்கள், கூரைக்கு மேலே உயரமாகப் புகைக்குழாய் வைத்தார்கள். விறகுக்குப் பதில் கரிக்கட்டி. இந்தப் பக்கம் மிளகுக் கொத்துக்கும் கறுவாப்பட்டைக் கழிவுக்கும் பஞ்சமா என்ன? வீணாகக் கிடக்கிற அதையெல்லாம் மரத்தூளோடு சேர்த்து பீப்பாயில் அடைத்து, காற்றுப் படாமல் கருக்கி, கிழங்குமாக் கூழ் விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைக்க வேண்டும். பிள்ளைகள் செய்தால் உதிர்ந்துபோகும். என் கையால் பிசைந்தால் கல்லு மாதிரி நிற்கும். பற்றிக்கொண்டால் புகையே இல்லாமல், சத்தமே இல்லாமல், சிவப்பாகக் கனன்றுகொண்டே இருக்கும். அரிசி போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். குசினிச் சுவரில் ஏறியிருந்த கரியைச் சுரண்டி வெள்ளையடித்தோம். அந்த வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கெம்பஸ் வாசலில் ஒரு பலகை நட்டு, மாதா மாதம் கணக்கு இறங்குவதைக் கோடு போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் என் அடுப்பின் படமும் நானும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சத்தமில்லாத அந்த நெருப்பை முதல் நாள் பார்த்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. விறகு வெடிக்கும், சீறும், ஈரமென்றால் அழும். பசித்த மிருகம் மாதிரி அது தன்னைக் காட்டிக்கொள்ளும். இது ஒன்றும் காட்டாது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். பழகப் பழக அந்த எண்ணம் எனக்கு மறந்துபோனது.

பிறகு கெம்பஸில் வேலை செய்கிற லயத்து ஆட்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சாக்குக் கரிக்கட்டி கொடுத்தார்கள். வீட்டிலும் விறகு எரிக்காமல் இருந்தால் காடு மிஞ்சும் என்றார்கள். எனக்கு மிஸ் தன் கையாலேயே கொடுத்தார்.

"வீட்டுல எரிச்சா கண்ணு எரியாதா மிஸ்?" என்று நான் கேட்டேன்.

"எரியாது அம்மா. கண்ணுக்கும் நல்லம், நெஞ்சுக்கும் நல்லம்" என்றார்.

அவர் அடுப்பை நினைத்துக்கொண்டு சொன்னார். எங்கள் லயத்துக் குசினிகள் புகைபோக்கியும் ஓட்டைக் கூரையுமாக இருப்பவை. அங்கே அது நல்லதுதான். பிள்ளை பெற்ற அறையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்கவும் சொல்லவும் அதில் என்ன இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பிள்ளை பிறந்தது மழை பிடித்த கிழமையில். ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் நான்தான் கூட்டி வந்தேன். தாயில்லாதவளுக்கு தீட்டுக் கழிகிற வரைக்கும் பார்க்க வேறு ஆள் யார்?

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் படக்கூடாது. ரிவர்ஸ்டன் பக்கமிருந்து பனிக்காற்று இறங்குகிற இடம் இது, பச்சை உடம்பில் அது பட்டால் ஜன்னி வரும் என்பார்கள். அதனால் முப்பது நாளைக்கு அறையை அடைத்துவிடுவோம். ஜன்னலைச் சாத்திச் சீலை கட்டுவோம். கதவுக்குக் கீழே சாக்கைச் சுருட்டி வைப்போம். பாய்க்குப் பக்கத்தில் நெருப்புச் சட்டி வைத்து, வேப்பிலையும் சாம்பிராணியும் ஓமமும் போடுவோம். நெருப்பு அணையக்கூடாது. என் தாய்க்கு அப்படிச் செய்தார்கள். எங்கள் லயத்தில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அப்படித்தான்.

முன்பெல்லாம் சட்டியில் விறகுக் கங்கு போடுவோம். அது புகையும். புகை சேர்ந்தால் கண் எரியும், பிள்ளை இருமி அழும். உடனே யாராவது கதவைத் திறந்து, சாக்கை விலக்கி, முறத்தால் விசிறிப் புகையை வெளியே தள்ளுவோம். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இது நடக்கும். புகையைத் திட்டிக்கொண்டே செய்வோம். அந்தப் புகைதான் இத்தனை காலமும் கதவைத் திறக்க வைத்து எங்களைக் காப்பாற்றியது என்று யாருக்குத் தெரியும்?

இந்த முறை சட்டியில் என் கரிக்கட்டிகள். அறை கதகதவென்று, சுத்தமாக, ஓமம் மணக்க இருந்தது. கண் எரியவில்லை. பிள்ளை அழவில்லை. கதவைத் திறக்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

கடைசிக் காம்பராவில் ஒரு கிழவி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இந்த லயத்தில் பிள்ளைப்பேறு என்றால் அவள் சொல்வதுதான் சட்டம். பிள்ளை பார்க்க வந்தவள் சட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"என்னா குசினிக்காரி, கெம்பஸ் நெருப்பா? புகைகூட லீவு போட்டிருக்கு."

"ஒங்க கண்ணுக்கும் நல்லதுதானே ஆத்தா" என்றேன்.

"நல்லதுதான், நல்லதுதான். நாங்க பெத்தப்ப எங்க இருந்திச்சு இது" என்று சொல்லிவிட்டு, கதவுக்கடியில் இருந்த சாக்கைக் காலால் இன்னும் இறுக்கி வைத்துவிட்டுப் போனாள்.

தாயையும் பிள்ளையையும் பார்க்க மிட்வைஃப் நோனா, மருத்துவிச்சி அம்மா, ஒரு தடவை ஏறி வந்தார். ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்று வரட்டும் என்று சிங்களத்தில் சொன்னார். நாங்களும் சிங்களத்தில் சரி என்றோம். அவர் படியிறங்கியதும் ஜன்னலைச் சாத்தினோம். அதற்குப் பிறகு பாதையில் மண் விழுந்தது, அவரால் வர முடியவில்லை.

மழை விடவில்லை. மலை தெரியவில்லை. பகலிலும் லாம்பு கொளுத்த வேண்டியிருந்தது. மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதாக ஆட்கள் பேசிக்கொண்டார்கள். எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபத்து வந்தால் அங்கேயிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தோம்.

அந்தப் பெண் தலை இடிக்கிறது என்றாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றேன். வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று பூண்டு குறைத்து வைத்துக் கொடுத்தேன். வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்ட வெளியே பின்பக்கம் கூட்டிப்போனால் தெளிந்துவிடுவாள், இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுவாள். திரும்ப அறைக்குள் போய் ஒரு மணித்தியாலம் ஆனால் மறுபடி தலையைப் பிடித்துக்கொள்வாள். வெந்நீர்தான் அவளுக்கு நல்லது செய்கிறது என்று நான் நினைத்தேன்.

பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சுப் பேசினார்கள். என்ன அமைதியான பிள்ளை, என்ன நிறம், கன்னம் ரெண்டும் செக்கச்செவேலென்று இருக்கிறதே என்றார்கள். கண் பட்டுவிடும் என்று பயந்து நான் கன்னத்தில் மையால் பெரிய பொட்டு வைத்தேன். அமைதியான பிள்ளைதான். பால் குடிக்கும்போதே தூங்கிவிடும். உள்ளங்காலைச் சுண்டினால்தான் மறுபடி உறிஞ்சும். அதன் தாயும் அப்படியே உட்கார்ந்தபடி தூங்குவாள்.

"எனக்கு என்னமோ தூங்கிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு பெரியம்மா" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது நாக்குக் கொஞ்சம் குழறியது. தூங்கட்டும், இத்தனை வருஷம் அழுத பெண், இப்போதாவது தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

நான் காலையில் கெம்பஸுக்குப் போய் மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் திரும்புவேன். போகும்போது சட்டியில் புதுக் கட்டிகள் அடுக்கிவிட்டுப் போவேன், திரும்பி வரும் வரைக்கும் அணையாது. அன்றைக்குக் காற்றும் சேர்ந்துகொண்டது. மண்சரிவு அறிவித்தல் வந்துவிட்டது என்று கெம்பஸைப் பாதியில் மூடினார்கள். அரிசி கழுவியது கழுவியபடி இருக்க எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால்தான் நான் நேரத்தோடு வந்தேன். வழக்கம்போல வந்திருந்தால் எழுதுவதற்கு வேறு கதைதான் இருந்திருக்கும்.

கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தள்ளினேன். சாக்கு இறுகியிருந்ததால் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. உள்ளே சூடு முகத்தில் வந்து விழுந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. சட்டியில் கட்டிகள் சிவப்பாகக் கனன்றன. ஓமம் மணந்தது. அவள் பாயில் இல்லை. பாய்க்கும் கதவுக்கும் நடுவில் குப்புறக் கிடந்தாள், ஒரு கை கதவுப் பக்கம் நீட்டியபடி. வாயோரம் வாந்தி. சேலைத் தொட்டிலில் பிள்ளை கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தது. தொட்டேன். சூடாக இருந்தது. உலுக்கினேன். தலை தொங்கியது.

நான் கத்தியிருக்க வேண்டும். ஆட்கள் ஓடி வந்தார்கள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொருத்தியுடன் சேர்ந்து அவளை வாசலுக்கு இழுத்தேன். எங்கள் வாசலில் கூரை பெரிதாக இல்லை. மழை சாய்ந்து அவள் மேல் அடித்தது. அவள் உதடு அசைந்தது.

அப்போதுதான் அந்தக் கிழவி வந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரியக் கொண்டாந்து மழையில போட்டிருக்கியே. ஜன்னி கண்டுதான் விழுந்திருக்கா. உள்ள தூக்குங்கடி, நெருப்ப நல்லா ஊதி விடுங்க."

அவள் சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நாலு பேராகச் சேர்ந்து அவளைத் திரும்ப அந்த அறைக்குள்ளேயே தூக்கிக்கொண்டு போனோம். சட்டியைப் பாய்க்கு இன்னும் கிட்டத்தில் தள்ளினார்கள். ஒருத்தி கதவைச் சாத்தினாள். கிழவி அவள் உள்ளங்காலைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் வேண்டும். அந்த மழைக்கு த்ரீவீல் ஏறாது. கெம்பஸ் வேன் ஒன்றுதான் வரும். மிஸ்ஸின் நம்பர் என் போனில் இருந்தது. உள்ளே சிக்னல் இல்லை என்று பிள்ளையோடு வாசலுக்கு வந்து எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். வேன் அனுப்புகிறேன் என்றவர், அவளுக்கு உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். ஜன்னி, மயங்கிவிட்டாள், நெருப்புப் பக்கத்தில்தான் கிடத்தியிருக்கிறோம் என்றேன்.

"என்ன நெருப்பு?"

"நம்ம கட்டிதான் மிஸ்."

"கதவு பூட்டியோ இருந்தது?"

"பூட்டி, சாக்கும் வச்சுத்தான் இருந்திச்சு."

அவர் குரல் சட்டென்று மாறியது.

"அம்மா, உடன வெளியில கொண்டு வாங்கோ. மழையெண்டாலும் பரவாயில்லை, நனையட்டும். அந்தக் கட்டியில இருந்து வாற காத்து அவை ரெண்டு பேரையும் கொன்றுபோடும். உள்ள ஒருத்தரும் நிக்கவேண்டாம்."

நான் கதவைத் திறந்து சொன்னேன். கிழவி அசையவில்லை. நெருப்புக் காய்ந்து செத்தவளை நான் பார்த்ததில்லை, மழையில் நனைந்து செத்தவளைப் பார்த்திருக்கிறேன் என்றாள். மற்றவர்கள் அவள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நானும் ஒரு நொடி வாசலிலேயே நின்றேன். கிழவி சொன்னதை நான் என் தாய் வாயாலும் கேட்டிருக்கிறேன். மிஸ் சொன்னது கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்று. அந்த மழையில் அவளைப் போட்டு, அவள் செத்துப்போனால், அதற்குப் பிறகு இந்த லயத்தில் எனக்கு வாசல் இல்லை.

பிள்ளை என் கையில் கிடந்தது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"செத்தா என் தலைல போடுங்க" என்றேன். "இப்ப காலப் புடிங்க."

தூக்கினோம். திரும்பத் தூக்கியபோது கால் பிடித்த பெண்ணுக்கே தலை சுற்றி அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கிழவியும் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் மற்றவர்களுக்கும் பயம் வந்தது. ஆளுக்கொரு கை கொடுத்து பிள்ளை பெற்றவளையும் கிழவியையும் வாசலுக்குக் கொண்டுவந்தோம். மழையில் வரிசையாக உட்கார்ந்து, திறந்து கிடந்த அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே அது சிவப்பாக, அமைதியாக இருந்தது.

வேன் வந்தது. பாதையில் மண் சரிந்த இடங்களில் டிரைவர் ஒரு சக்கரம் அந்தரத்தில் போகிற மாதிரி ஓட்டினார். ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல்லி மிஸ் அவரிடம் சொல்லியிருந்தார். மழை உள்ளே அடித்தது. பிள்ளையை என் சட்டைக்குள் வைத்திருந்தேன். அதன் மூச்சு என் நெஞ்சில் படுகிறதா என்பதைத்தான் டவுன் வரைக்கும் கவனித்துக்கொண்டு போனேன். சில வளைவுகளில் பட்டது. சில வளைவுகளில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் காற்றுக்குழாய் வைத்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் நெருப்பு வைத்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். ஜன்னல் என்று கேட்டார். நான் தலையாட்டினேன். தாய்க்கு அடுத்த நாள் நினைவு வந்தது. கண்ணைத் திறந்தவள் முதலில் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிள்ளை பிறந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான்தான் திரும்பச் சொன்னேன்.

மழை விட்ட பிறகு மிஸ் லயத்துக்கு வந்தார். அடுப்பு வாயில் வைத்து அளக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆளில்லாத அந்த அறையில் அதே சட்டியில் கட்டி கொளுத்தி, கருவியைப் பாய் இருந்த இடத்தில் வைத்து, கதவைச் சாத்தி, முன்பு மாதிரியே சாக்கும் வைக்கச் சொன்னார். சீலையை மட்டும் விலக்கிவிட்டு, ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே நின்று இலக்கத்தைப் பார்த்தோம். ஏறிக்கொண்டே போனது. பிறகு கருவி கத்தத் தொடங்கியது. அது கத்தக் கத்த, மிஸ் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். சப்பாத்தெல்லாம் சேறு.

"நாங்கள் வானத்துக்குப் போறதைத்தான் அளந்தனாங்கள் அம்மா" என்றார். "அறைக்குள்ள நிக்கிறதை அளக்கேல்லை."

நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, என்னைத் திட்டிக்கொள்ளவும் வரவில்லை. அந்தப் பிள்ளை பிழைக்கிறதா என்ற ஒரே எண்ணம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே கையில் வைத்திருந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. லயம் லயமாகப் போய், கொடுத்த சாக்குகளைப் பற்றிச் சொல்லி, அறைக்குள் வைக்கவேண்டாம் என்று கெஞ்சினார். கூட நானும் போனேன். எங்கள் ஆட்கள் என் வாயால் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். சிலர் கேட்டார்கள். சிலர், அது அந்தப் பெண்ணுடைய நேரம், நெருப்பை ஏன் குறை சொல்கிறீர்கள் என்றார்கள். இன்னும் இரண்டு வீடுகளில் பிள்ளைப்பேறு இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஜன்னலைப் பார்க்கிறேன். ஒன்று சாத்தியே கிடக்கிறது. தட்டினால் திறந்து சிரிக்கிறார்கள். நான் படியிறங்கியதும் மறுபடி சாத்துகிற சத்தம் கேட்கிறது.

தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவள் இப்போது குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுக்கிறாள். அடுப்புப் பக்கம் அவள் போவதில்லை, நான்தான் இரண்டு வீட்டுக்கும் சமைக்கிறேன். புருஷன் தம்புள்ளை வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருக்கிறான். பிள்ளை பால் குடிக்கிறது, உடம்பு பிடித்திருக்கிறது. ஆனால் மூளைக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று இப்போது சொல்ல முடியாது, வளர வளரத்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னார். கிளினிக்குக்குக் கொண்டுபோனால் தலையை அளக்கிறார்கள், கண்ணுக்கு முன்னால் விளக்கை ஆட்டுகிறார்கள், பிறகு அடுத்த மாதம் வாருங்கள் என்கிறார்கள்.

இந்த மாதம் முகம் பார்த்துச் சிரிக்கும் என்று மிட்வைஃப் நோனா சொல்லியிருக்கிறார். காலையில் கெம்பஸுக்குப் போகுமுன் நான் அங்கே போகிறேன். அவள் பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடிக்கிறாள். அவள் புருஷன் பக்கத்தில் குந்துகிறான். நான் கிட்டப் போய் நாக்கைச் சொடுக்குகிறேன், பாடுகிறேன், இந்த வயதில் முகத்தை அப்படியும் இப்படியும் வலித்துக் காட்டுகிறேன். பிள்ளை என்னைப் பார்க்கிறது. என் முகத்தைத்தான் பார்க்கிறதா, எனக்குப் பின்னால் சுவரைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது என்று அவன் சொல்கிறான். நான் நடந்துதானே போகிறேன், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்கிறேன்.